ஏரியில் பாய்ப்படகுப் பருவம் தொடங்கும் முன் எந்த வேலை முதலில்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஒரு ஏரிச் சங்கத்தில் பலவகைச் சிறிய பாய்ப்படகுகள் இருபது இருக்கின்றன, மீட்புப் படகு ஒன்று இருக்கிறது, உறுப்பினர்கள் பல மாதங்களாக நீரில் இறங்கவில்லை, பருவம் தொடங்கச் சில வாரங்களே உள்ளன. இந்த நிலையில் வேலைகளை எந்த வரிசையில் செய்வது, தொடக்க நாளிலேயே பக்கத்து ஏரிச் சங்கத்தாரையும் அழைத்துப் பந்தயம் நடத்தலாமா என்பது உங்கள் கேள்வி.

பெரும்பாலான சங்கங்களில் வேலை படகைத் தேய்த்துக் கழுவி மெருகேற்றுவதிலிருந்து தொடங்குகிறது. பலர் ஒன்றுகூடிச் செய்யக்கூடிய, செய்த பலன் உடனே கண்ணுக்குத் தெரிகிற வேலை என்பதால் அதில் எல்லோருக்கும் ஈடுபாடு இருப்பது இயல்பு. ஆனால் என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. ஓய்வில் இருந்த உடல், மறந்துபோன பழக்கம், வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த கயிறு, மாதக்கணக்கில் இயங்காத எஞ்சின், பல ஊர்களில் இன்னும் குளிர்ந்தே கிடக்கும் நீர் ஆகிய எல்லாம் தம் மிகப் பலவீனமான நிலையில் ஒரே நாளில் சந்திக்கின்றன. அந்த நாள்தான் பருவத்தின் முதல் நாள். ஆகவே முதலில் மீட்பு ஏற்பாடு, அடுத்து மனிதர்கள், அதற்கடுத்து ஏரி, பிறகே படகுகள் என்ற வரிசையை நான் பரிந்துரைப்பேன்.

மீட்புப் படகிலிருந்து தொடங்குவோம். அது ஓடாத நாளில் மற்ற எந்தப் படகும் இறங்கக் கூடாது என்பதைச் சங்கம் எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். படகின் பின்புறத்தில் மாட்டப்படும், நீண்ட நாள் நின்றிருந்த அவுட்போர்டு எஞ்சினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பெட்ரோலை. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பழைய எரிபொருள் கார்பரேட்டரில் பிசினாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். தொட்டியில் பழையது மிஞ்சியிருந்தால் அதை முறையாக அப்புறப்படுத்திவிட்டுப் புதியதை நிரப்புவதே நல்லது. அடுத்தது குளிர்விக்கும் நீரை மேலே இறைக்கும் ரப்பர் இம்பெல்லர். அது ஒரே நிலையில் நின்றுவிட்டால் அதன் இதழ்கள் வளைந்தபடியே இறுகிப்போய் இறைக்கும் திறனை இழக்கும். எஞ்சின் ஓடும்போது பின்புறத் துளையிலிருந்து நீர் தொடர்ந்து பீய்ச்சியடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாரை மெலிந்தோ விட்டுவிட்டோ வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும். கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்ப்பதும் அவசியம். அது பால்போல் வெளுத்திருந்தால் சீல் வழியாக நீர் உள்ளே புகுந்திருக்கிறது.

இவற்றைவிட முக்கியமானது எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு. ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் எஞ்சின் உடனே நின்றுவிட வேண்டும் என்பதற்காகவே அது அவருடைய காலிலோ உடையிலோ மாட்டப்படுகிறது. அதை மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓட்டி, பிடுங்கிப் பார்த்து, எஞ்சின் உண்மையாகவே நிற்கிறதா என்று ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் இல்லாமல் வட்டமடிக்கும் மோட்டார் படகு நீரில் கிடப்பவர்களுக்கு ஏற்படுத்தும் ஆபத்து, கவிழ்ந்த பாய்ப்படகு ஏற்படுத்தும் ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது. படகுக்குள் இழுவைக் கயிறு, எறிகயிற்றுப் பை, நங்கூரம், துடுப்பு, முதலுதவிப் பெட்டி, குளிரில் நடுங்குபவரைப் போர்த்தும் உறை, கயிற்றை அறுக்கும் கத்தி ஆகியவை இருக்க வேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை வெட்டக்கூடிய கம்பி வெட்டியும் அவற்றோடு இருக்க வேண்டும். அது பல படகுகளில் இருப்பதில்லை, ஆனால் கவிழ்ந்த படகின் அடியில் ஒருவர் சிக்கிக்கொண்டால் முதலில் தேடப்படுவது அதுதான்.

மீட்புப் படகில் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் நீரில் இருப்பவரைக் கவனிக்க வேண்டும். இந்த இணைகளைப் பருவம் முழுவதற்கும் இப்போதே பட்டியலிட்டு, ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது, காலையில் கரையில் நின்றுகொண்டு "இன்று யார் வருகிறீர்கள்?" என்று கேட்கும் சங்கத்தில் பயிற்சி இல்லாதவரே அந்த இருக்கையில் அமர நேரிடும். மீட்பவருக்குக் கற்றுத்தர வேண்டிய முதல் பாடம் தலைகளை எண்ணுவது. கவிழ்ந்த படகை நெருங்கியதும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் கண்ணுக்குத் தெரிகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் அவசரம் பாதியாகக் குறைந்துவிடும். ஆளுக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். ஆளை ஏற்றிய பிறகே படகைப் பற்றி நினைக்க வேண்டும்.

இனி மனிதர்களைப் பற்றி. குளிர்காலத்தில் உறையும் அல்லது நன்றாகக் குளிரும் ஏரிகளில், வசந்தம் வந்ததும் காற்று விரைவாக வெதுவெதுப்பாகிவிடும். நீர் அப்படி மாறாது. நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும் என்பதால், அந்த வெப்பநிலையை எட்டும்வரை மேலே சூடாகும் நீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஏரி முழுவதும் அந்த நிலையைக் கடந்த பிறகே மேற்பரப்பில் வெப்பம் தங்கத் தொடங்கும். கரையில் சட்டையைக் கழற்றத் தோன்றும் வெயில் நாளில் நீர் உயிருக்கு ஆபத்தான குளிரோடு இருக்கலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் வெப்பத்தைக் கடத்திச் செல்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உடையைக் காற்றின் வெப்பநிலைக்கு ஏற்ப அல்லாமல் நீரின் வெப்பநிலைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியின் நியாயம் விளங்கும். இறங்குதுறையில் ஒரு வெப்பமானியைக் கட்டித் தொங்கவிட்டு, அன்றன்றைய அளவை அறிவிப்புப் பலகையில் எழுதுவது மிக எளிய, மிகப் பயனுள்ள ஏற்பாடு.

குளிர்நீரில் விழுபவருக்கு என்ன நேர்கிறது என்பதை எல்லா உறுப்பினர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் உடல் குளிர்தலை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்ற கணக்காகப் பரப்பினார். உறைநிலையை ஒட்டிய நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஏறத்தாழ ஒரு நிமிடம், கை கால்கள் பயன்படும் நிலையில் இருக்க ஏறத்தாழ பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்பது அதன் சுருக்கம். முதல் நிமிடத்தில் ஏற்படும் தன்னிச்சையான திணறல் மூச்சின்போது தலை நீருக்கடியில் இருந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கிவிடலாம். எனவே மிதவை உடையை ஏறும் முன்பே அணிந்திருக்க வேண்டும். கவிழ்ந்த பிறகு அணிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. பத்து நிமிடத்துக்குப் பிறகு விரல்கள் கயிற்றைப் பிடிக்காது. ஆகவே படகை நிமிர்த்தும் முயற்சி இரண்டு மூன்று முறை தோற்றால், மேலும் முயன்று களைக்காமல், கவிழ்ந்த படகின் மேலேறி உதவிக்குக் கையசைக்க வேண்டும்.

மிதவை உடைகளிலும் தெளிவு வேண்டும். மிதவை உடைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 12402 வரிசையில், உடை தரும் மிதப்பு விசை நியூட்டன் அலகில் குறிக்கப்படுகிறது. அதில் 50 நியூட்டன் மிதவைச் சட்டை, நீந்தத் தெரிந்தவருக்கும் உதவி அருகிலுள்ள இடத்துக்கும் உரியது. நினைவிழந்தவரின் முகத்தை அது வானம் நோக்கித் திருப்பாது. 100, 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட்டுகள் அதற்கென வடிவமைக்கப்பட்டவை. ஆனாலும் சிறிய படகுகளில் பலர் 50 நியூட்டன் சட்டையையே அணிகிறார்கள். அதில் நன்றாக அசைய முடியும். கவிழ்ந்த படகின் அடியில் மாட்டிக்கொண்டால் அதோடு மூழ்கி வெளியே வரவும் முடியும். தானாக ஊதிக்கொள்ளும் ஜாக்கெட் அந்த இடத்தில் தடையாகலாம். நீந்தத் தெரியாத குழந்தைகளுக்கு 50 நியூட்டன் போதாது. பழைய நுரைச் சட்டைகள் அமுங்கி மிதப்பை இழந்திருக்கும் என்பதால் இடுப்பளவு நீரில் அணிந்து மிதந்து பார்க்க வேண்டும். ஊதும் வகையை வாயால் ஊதி ஒரு நாள் விட்டுவைத்துக் காற்று இறங்குகிறதா என்று பார்ப்பதோடு, வாயு உருளையைக் கழற்றி எடை போட்டு, அதில் பொறித்துள்ள எடையோடு ஒப்பிடவும் வேண்டும்.

பருவத்தின் முதல் ஒன்றுகூடலைக் கவிழ்தல் பயிற்சியாக நடத்துங்கள். காற்று மெலிந்த நாளில், மீட்புப் படகு பக்கத்தில் நிற்க, ஒவ்வொருவரும் தம் படகைத் தாமே கவிழ்த்து, நிமிர்த்தி, நீரிலிருந்து படகுக்குள் ஏறிக் காட்ட வேண்டும். இதில் மிகக் கடினமானது நிமிர்த்துவதல்ல, ஏறுவதுதான். கடந்த பருவத்தில் எளிதாக ஏறியவருக்கு இந்த ஆண்டு தோள் ஒத்துழைக்காமல் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்பக்கம் ஒரு கயிற்றுப் படியைத் தொங்கவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். குறையைப் பயிற்சி நாளில் கண்டுபிடித்துவிட வேண்டும், பலத்த காற்றில் தனியாக இருக்கும்போது அல்ல. புதியவர்களை அனுபவசாலி ஒருவரோடு இணைத்து முதல் சில ஓட்டங்களை நடத்துவதும் இதே கட்டத்தில் வர வேண்டும்.

ஏரியை யாரும் சோதிப்பதில்லை. சென்ற ஆண்டு இருந்தபடியே இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிடுகிறோம். பனிக்கட்டி நகர்ந்து இறங்குதுறையையும் மிதவைகளின் நங்கூரங்களையும் இடம் மாற்றியிருக்கலாம். வறட்சியில் நீர்மட்டம் இறங்கிப் பழைய மரக்கட்டையும் பாறையும் மேற்பரப்புக்கு நெருங்கியிருக்கலாம். வெள்ளம் புதிய வண்டல் திட்டை உருவாக்கியிருக்கலாம். ஒரு நாள் மீட்புப் படகில் மெதுவாகச் சுற்றி, ஆழம் பார்த்து, புதிய ஆபத்துகளுக்கு அடையாள மிதவை போட்டுவிடுங்கள். ஆழம் குறைந்த ஏரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. படகு முழுவதும் தலைகீழாகும்போது பாய்மரத்தின் நுனி சேற்றில் குத்தி நின்றுவிடும். அதை அவசரமாக இழுத்தால் மரம் வளைந்துவிடும். மரத்தின் உச்சியில் ஒரு சிறிய நுரை மிதவையைக் கட்டினால் படகு தலைகீழாகாமல் பக்கவாட்டிலேயே நிற்கும். கற்றுக்கொள்பவர்களின் படகுகள் எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்குவது நல்லது. படகு இறக்கும் சரிவிலுள்ள பாசியைச் சுரண்ட வேண்டும். பாய்மரத்தை நிமிர்த்தும் இடத்திலிருந்து நீர்வரை எங்கேனும் மின்கம்பி கடக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். அலுமினியமும் கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும். நிமிர்த்திய மரத்தோடு படகைத் தள்ளிச் செல்பவர்களின் கண் தரையில்தான் இருக்கும், மேலே இருக்காது.

இப்போது படகுகள். சேமித்து வைத்திருந்த படகில், அதை மிதக்கவைக்கும் காற்றறைகளின் மூடிகளைத் திறந்து உள்ளே ஈரமோ தேங்கிய நீரோ இருக்கிறதா என்று பாருங்கள். அடைப்புகளின் ரப்பர் வளையங்கள் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள். காற்றறை கசிகிறதா என்று அறிய, மிக மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஊதி இணைப்புகளின்மீது சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும் இடம் தெரிந்துவிடும். அழுத்தம் கூடிவிட்டால் நாமே இணைப்பைப் பிரித்துவிடுவோம் என்பதால் வாயால் ஊதும் அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உலகெங்கும் ஏரிகளில் காணப்படும் லேசர் படகை, அதாவது புரூஸ் கிர்பி வடிவமைத்து 2019 முதல் ஐஎல்சிஏ என்ற பெயரால் வழங்கும் படகை, வைத்திருப்பவர்கள் இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாய்மரம் நிற்கும் குழியில் நீரை நிரப்பிச் சிறிது நேரம் காத்திருங்கள்; மட்டம் இறங்கினால் நீர் படகின் உடலுக்குள் கசிகிறது, அந்தக் குழியின் அடி பலமிழந்திருக்கக்கூடும். அடுத்து, இரு துண்டுகளான மரத்தின் மேல்துண்டில், இணைப்பு வளையத்தை இறுக்கும் ரிவெட் துளையைச் சுற்றி அரிப்போ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள்; பலத்த காற்றில் மேல்துண்டு ஒடியும் இடம் பெரும்பாலும் அதுதான். குழந்தைகளின் ஆப்டிமிஸ்ட் படகில், கவிழும்போது பாய்மரம் குழியிலிருந்து நழுவாமல் தடுக்கும் பிடிப்பையும், பின்புறத்திலும் பக்கங்களிலும் உள்ள காற்றுப் பைகளின் பட்டைகளையும் இழுத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பைகள் கழன்றுவிட்டால் நீர் நிரம்பிய அந்தச் சிறிய பெட்டிப் படகைக் குழந்தையால் வடிக்கவே முடியாது.

கம்பிகளால் தாங்கப்படும் பாய்மரமாக இருந்தால், கம்பி உலோகக் குழாய்க்குள் நுழையும் முனையில்தான் பழுது ஒளிந்திருக்கும். மெல்லிய துணியைக் கம்பி நெடுகத் தடவினால் அறுந்த இழை நூலைப் பற்றிக்கொள்ளும். கையால் தடவ வேண்டாம், கிழித்துவிடும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றியாக வேண்டும். மீதி இழைகளும் அதே வயதுடையவை, அதே சுமையைச் சுமந்தவை. ஷேக்கிள் எனும் இணைப்புக் கொக்கிகளின் திருகுகளைக் கம்பியால் கட்டுவதும், பிளவு ஊசிகளை விரித்து நாடா சுற்றுவதும் சில நிமிட வேலை. ஆனால் பாய்மரம் சாய்ந்து விழும் விபத்துகள் பலவும் கழன்ற ஒரு சிறு ஊசியிலிருந்தே தொடங்குகின்றன. சுக்கானைப் பிடித்திருக்கும் கொண்டிகளில் ஆட்டம் இருக்கிறதா, கவிழும்போது சுக்கான் கழன்று மிதந்து போகாமல் தடுக்கும் பூட்டு வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாய்த் துணி வெயிலில் பலமிழக்கும். ஆனால் துணிக்கு முன்பே தையல் நூல் மக்கிவிடும், அது துணியின் மேற்பரப்பில் துருத்தி நின்று வெயிலை முழுவதுமாக வாங்குகிறது. தையலை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். நூல் பொடிந்தால் மறுதையல் போட இதுவே தருணம், பருவம் தொடங்கிய பிறகு தையல்காரருக்கு வேலை குவிந்துவிடும். கயிறுகளின் மேலுறை நைந்திருந்தால் எப்போதும் கப்பியில் தேயும் இடத்தையும் கயிற்றை இறுகப் பிடிக்கும் கிளீட்டில் கடிபடும் இடத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். நுனி மட்டும் நைந்திருந்தால் சிறிது வெட்டி, கயிற்றைத் தலைமாற்றிப் போட்டாலே இன்னும் ஓராண்டு ஓடும்.

பந்தயத்துக்கு வருகிறேன். பாய்ப்படகு விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங்கின் பந்தய விதிகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன; 2025 ஜனவரி முதல் 2028 முடிய நடப்பிலுள்ள பதிப்பை ஒருமுறையேனும் சேர்ந்து அமர்ந்து படியுங்கள். புறப்பாட்டு ஒழுங்கில் ஐந்து, நான்கு, ஒன்று, சுழியம் என்ற நிமிடங்களில் கொடிகள் ஏறி இறங்கும். நேரத்தைக் கொடியைப் பார்த்தே கணக்கிட வேண்டும், ஒலி வராமல் போனால் அதைப் பொருட்படுத்தக் கூடாது. புதியவர்கள் பெரும்பாலும் ஊதலுக்குக் காத்திருந்து பின்தங்குகிறார்கள். பந்தயத்தில் கலந்துகொள்வதா, தொடர்வதா என்பது அந்தந்தப் படகின் பொறுப்பு என்பதும், ஆபத்தில் இருப்பவருக்கு இயன்ற உதவி அனைத்தையும் செய்தாக வேண்டும் என்பதும் அதே விதிநூலில் உள்ளவை. இவை இரண்டையும் தொடக்கக் கூட்டத்தில் உரக்கப் படிப்பது தகும்.

உங்களிடம் பலவகைப் படகுகள் இருப்பதால் முதலில் வந்தவரே வென்றவர் என்று சொல்ல முடியாது. போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் முறையில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் உண்டு. ஓடிய நேரத்தை 1000-ஆல் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். எண் 1100 உள்ள மெதுவான படகு 66 நிமிடத்தில் முடித்தால் அதன் திருத்திய நேரம் 60 நிமிடம். எண் 1000 உள்ள வேகமான படகு 62 நிமிடத்தில் முடித்தால் அது 62 நிமிடமாகவே நிற்கும், ஆகவே மெதுவான படகே வென்றது. எண்களைப் பருவத்தின் தொடக்கத்திலேயே அறிவித்து, நடுவில் மாற்றாமல் இருந்தால் மனக்கசப்புகள் வராது. ஏரியில் பாதை அமைக்கும்போது புறப்பாட்டுக் கோட்டைக் கரையோர மரங்களிலிருந்து போதிய தூரம் தள்ளிப் போடுங்கள். காற்று வரும் பக்கத்தில் மரவரிசை இருந்தால் அதன் உயரத்தைப் போல் பத்து மடங்குக்கும் அப்பால்வரை காற்று உடைந்தும் சுழன்றும் வரும்.

காற்று எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவது என்பதை அமைதியான ஒரு மாலையில் முடிவு செய்துவிடுங்கள். கரையில் எல்லோரும் பாய் ஏற்றிக் காத்திருக்கும் நேரத்தில் அந்த முடிவை எடுப்பது மிகக் கடினம். காற்றின் வேகம் 8 நாட்டிலிருந்து (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 16 நாட்டாக உயர்ந்தால் பாயின்மீது விழும் விசை இரு மடங்கல்ல, நான்கு மடங்காகும். பருவத்தின் முதல் வாரங்களுக்குத் தனியாக, வழக்கத்தைவிடக் குறைந்த வரம்பு ஒன்றை வைப்பதே அறிவுடைமை. இடியைப் பொறுத்தவரை, மின்னலுக்கும் ஒலிக்கும் இடையே 30 வினாடியோ அதற்குக் குறைவோ இருந்தால் ஒதுங்குவது, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருப்பது என்ற பொதுவிதி தரையில் நிற்பவருக்கானது. ஏரியின் நடுவிலிருந்து கரை சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால் முதல் முழக்கம் கேட்டதுமே எல்லாப் படகுகளையும் திருப்ப வேண்டும். நிறுத்தும் அதிகாரம் அன்றைய பந்தய அதிகாரி ஒருவரிடமே இருக்க வேண்டும். அவர் முடிவைக் கரையில் யாரும் விவாதிக்கக் கூடாது.

ஆகவே தொடக்க நாளில் பந்தயம் வேண்டாம் என்பதே என் பதில். முதல் ஒன்றுகூடலைப் பயிற்சிக்கும், இரண்டாவதை உங்கள் உறுப்பினர்களுக்குள் புள்ளிக் கணக்கு இல்லாத ஓட்டத்துக்கும் ஒதுக்குங்கள். மூன்றாவதற்கு விருந்தினரை அழைக்கலாம். அழைக்கும்போது ஒரு நிபந்தனையை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். கருங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளைத் தாயகமாகக் கொண்ட வரிக்குதிரைச் சிப்பி 1988-இல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இடையிலுள்ள செயின்ட் கிளேர் ஏரியில் கண்டறியப்பட்டது. அதன் பிறகு வட அமெரிக்காவின் பேரேரிகள் முழுவதும் பரவி, நீரேற்றுக் குழாய்களை அடைத்து, உள்ளூர்ச் சிப்பிகளையும் அழித்தது. அதன் இளம் புழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. படகின் அடியில் தேங்கிய சிறிதளவு நீரிலேயே இன்னோர் ஏரிக்குப் பயணம் செய்யக்கூடியவை. எனவே வருகிற ஒவ்வொரு படகும், அதைச் சுமந்துவரும் டிரெய்லரும், கயிறும், மிதவை உடையும் தம் ஏரிக்கரையிலேயே செடித் துண்டுகள் இல்லாமல் கழுவப்பட்டு, அடைப்புகள் திறந்து நீர் முழுவதும் வடிக்கப்பட்டு, நன்றாக உலர்த்தப்பட்டிருக்க வேண்டும். உங்கள் சரிவின் மேலே நீரிலிருந்து தள்ளி ஓர் இடத்தை ஒதுக்கி, அங்கே ஓர் உறுப்பினரை நிறுத்தி, காற்றறை மூடியைத் திறந்து காட்டும் படகை மட்டுமே கீழே அனுமதியுங்கள். உங்கள் படகுகள் அவர்களுடைய ஏரிக்குச் செல்லும்போதும் இதே சோதனைக்கு உட்பட வேண்டும்.